புறப்படும் முன்: அம்மா, மகள், இரண்டு பைகள்

இன்னும் 24 நாள்

பயணக் கட்டுரையை ரயில் ஏறிய பிறகுதான் தொடங்க வேண்டும் என்று ஒன்றும் சட்டம் இல்லை. எனக்கு ரயில் ஏறுவதற்கு முந்தைய நாட்கள்தான் எப்போதும் பிடிக்கும். அதனால் இன்றிலிருந்தே, நங்கநல்லூர் வீட்டுக் கூடத்திலிருந்தே எழுதுகிறேன்.

மகளுக்கு ஜனவரியில் 14 முடிந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது தோசைக்கும் மூன்றாவது தோசைக்கும் நடுவில், "உனக்குப் பதினாலு ஆகட்டும், கங்கையில ராஃப்டிங் கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு நன்றாக இருக்கிறது. ரிஷிகேஷில் ராஃப்ட் (காற்றடைத்த ரப்பர் படகு) விடுபவர்கள் பெரும்பாலும் 14 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றுவதில்லை. அதை எங்கேயோ படித்துவிட்டு, அப்போதைக்குத் தப்பித்தால் போதும் என்று சொல்லியிருப்பேன்.

சரி, போவோம் என்றேன். உடனே நிபந்தனை வந்தது. "கார்ல போயி, ரூம் போட்டு, ஒரு மணி நேரம் படகுல உட்கார்ந்துட்டு வந்தா அது டூர்மா. நம்ம பையை நாமளே தூக்கிட்டு மலை ஏறணும். அப்புறம்தான் ஆறு."

கணவர் வரவில்லை. மாமியாருக்கு 78 வயது, வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். இது அவர் சொல்லும் காரணம். மலைப்பாதையில் மூன்றாவது வளைவு தாண்டினால் அவருக்கு வாந்தி வரும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த காரணம்.

எந்த ஆறு என்பதில் ஒரு வாரம் பேச்சு ஓடியது. ஒகேனக்கல்லில் பரிசல் போயிருக்கிறோம். ஆனால் பரிசலில் நாம் சரக்கு, ராஃப்டில் நாம்தான் துடுப்பு. குடகில் பாரபோளே ஆறு இருக்கிறது, மழைக்காலத்தில்தான் அங்கே ஓட்டம். தாண்டேலியில் காளி ஆறு. மகாராஷ்டிரத்தில் கோலாட் பக்கம் குண்டலிகா. அங்கே மின்சாரம் எடுத்துவிட்டுக் காலையில் திறந்துவிடும் தண்ணீரில்தான் ராஃப்ட் ஓடும், தாமதமாக எழுந்தால் ஆறு போய்விடும் என்று மகள் சிரித்தாள். எல்லாமே நல்ல இடங்கள். ஆனால் மே மாதத்தில் தண்ணீரும் வேண்டும், பை தூக்கிக்கொண்டு ஏறுவதற்குக் குளிர்ந்த மலையும் வேண்டும், இரண்டும் ஒரே சாலையில் இருக்க வேண்டும் என்றால் ரிஷிகேஷ்தான். மழைக்காலம் வந்தால் ஜூலை, ஆகஸ்டில் அங்கே ராஃப்டிங்கை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் போய்விட வேண்டும்.

ரயில் டிக்கெட் முன்பே எடுத்தாகிவிட்டது. இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. திறந்த அன்று காலை எட்டு மணிக்கு இரண்டு போன்களோடு உட்கார்ந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் மூன்றாம் ஏசி பிடித்தோம். ஒன்று லோயர், ஒன்று மிடில்.

இன்னும் 23 நாள்

முதலில் மலையா, ஆறா? இதைப் பேசாமல் எதையும் வாங்கக் கூடாது என்று தோன்றியது. இரண்டும் கேட்கிற சாமான் ஒன்றுக்கொன்று ஆகாது. மலைக்குக் கணுக்காலைப் பிடிக்கும் ஷூ வேண்டும், அது நனையவே கூடாது. ஆற்றுக்கு நனைவதற்கென்றே ஒரு செருப்பு வேண்டும், அது காலை விட்டுக் கழலக் கூடாது. மலையில் எல்லாமே முதுகில். ஆற்றில் பை ராஃப்டில் ஏறவே ஏறாது, ரிஷிகேஷ் அறையில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

என் யோசனை, ஆறு முதலில். பயம் எதுவோ அதை முதலில் முடித்துவிட்டால் பிறகு நிம்மதியாக மலை ஏறலாம். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஈரத் துணியை மலைக்குத் தூக்கிட்டுப் போகணுமா?" என்றாள். பிறகு எழுந்து போய் சமையலறைத் தராசை எடுத்து வந்தாள்.

இதற்குள் இன்னொரு வழக்கும் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஜீன்ஸ் எடுத்துப் போக வேண்டும். நான் கூடாது என்கிறேன். சரி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே சோதனை என்று முடிவானது. ஜீன்ஸ், உலர்ந்த நிலையில் 520 கிராம். பக்கெட்டில் முக்கி, நானும் அவளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்து, மறுபடி வைத்தால் 1,150. அவளுடைய பாலியெஸ்டர் டிராக் பேன்ட் 230 கிராம் இருந்தது, நனைத்துப் பிழிந்ததும் 340. மொட்டைமாடியில் காயப்போட்டோம். ஏப்ரல் வெயிலுக்கு இரண்டுமே மதியத்துக்குள் காய்ந்துவிட்டன. அந்த விஷயத்தில் சென்னையில் எந்தச் சோதனையும் செல்லாது. எட்டு, பத்து டிகிரிக் குளிரில் ஜீன்ஸ் இரண்டு நாள் ஆனாலும் காயாது என்பதை மட்டும் அவள் என் வார்த்தைக்காக ஏற்றுக்கொண்டாள்.

'உடம்புக்குப் பருத்திதான் நல்லது' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். மலையில் அது தலைகீழ். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், காற்று அடித்ததும் உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்ளும். இங்கே நமக்கு வரமாக இருக்கும் அதே குணம்தான் அங்கே எமன்.

தீர்ப்பு: மலை முதலில், ஆறு கடைசியில். ஜீன்ஸ் கிடையாது. மகள் தலையாட்டினாள். கொஞ்சம் சுலபமாகவே தலையாட்டினாள்.

இன்னும் 20 நாள்

பை தூக்கி நடந்து பழக வேண்டும். வனத்துறை நடத்தும் மலையேற்றப் பாதைகள் இருக்கின்றனவே, பூண்டி பக்கம் குடியம் குகைக்குப் போய்வரலாமே என்றால், காட்டுத்தீ காலம் என்று பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மூடி வைத்திருக்கிறார்கள். வருத்தப்படவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். இங்கிருந்து கிளம்பிப் போன சென்னைக்காரர்களும் அதில் இருந்தார்கள். அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் யாரும் மலை என்ற வார்த்தையையே சொல்லவில்லை. மூடியிருந்தால் மூடியிருக்கட்டும்.

நங்கநல்லூர்க்காரர்களுக்கு இருக்கிற மலை பரங்கிமலை. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 அடி. காலை ஐந்தரைக்குப் போனோம். அவள் பையில் ஆறு கிலோ அரிசி, என் பையில் அரிசியும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் நான்கும். படிகளை அவள் எண்ணினாள். நானும் எண்ணினேன். நான்கு முறை ஏறி இறங்கினோம், எட்டு வெவ்வேறு எண்கள் கிடைத்தன.

இந்தப் படிகளைக் கட்டியவர் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் பாலம் கட்டியதும் அவர்தான். இன்னொரு விஷயத்தை மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வைத்திருந்தேன். 1802 ஏப்ரலில் லாம்டன் என்ற அதிகாரி நிலத்தை அளக்க முதல் கோடு போட்டது இந்த மலையடியில் இருந்துதான். இங்கே ஆரம்பித்த அந்த அளவை வேலைதான் பல பத்தாண்டுகள் வடக்கே நகர்ந்து நகர்ந்து இமயமலை வரை போனது. "அவங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சோ, நமக்கு ரெண்டு ராத்திரி" என்றாள்.

கணக்கு என்னவென்றால், இமயமலையில் நாங்கள் போகிற சோப்தா என்ற ஊரிலிருந்து துங்கநாத் கோயில் வரை செங்குத்தாக ஏற வேண்டியது ஏறக்குறைய 1,000 மீட்டர். பரங்கிமலையைப் போல பதினோரு மடங்கு. அதுவும் நேராக அடுக்கி வைத்தது மாதிரி, நடுவில் டீக்கடைகளோடு.

மூன்றாவது ஏற்றத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். என் பையின் இடுப்புப் பட்டையில் இருந்த கிளிப் உடைந்து படியில் உருண்டது. ஆன்லைனில் பாதி விலைக்கு வருகிறதே என்று வாங்கிய பை. வாங்கியபோது மகள் வேண்டாம் என்று சொன்னாள் என்பதையும் இங்கே பதிவு செய்யச் சொல்கிறாள். செய்துவிட்டேன்.

அந்தப் பட்டை என்ன செய்துகொண்டிருந்தது என்பது அறுந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை பாரம் இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்திருந்தது. கிளிப் போனதும் பத்து கிலோவும் தோளுக்கு வந்துவிட்டது. ஒரே நிமிஷத்தில் கழுத்து எரிகிறது. பள்ளிப் பை தூக்கும் பிள்ளைகள் ஏன் முன்னால் குனிந்தே நடக்கிறார்கள் என்பதற்கும் பதில் கிடைத்தது.

இன்னும் 19 நாள்

பாரிமுனையில் பைகளுக்கு ஜிப் போடுபவர் ஒருவரிடம் போனேன். உடைந்த கிளிப்பைக் கையில் வாங்கிப் பார்த்தார், எதுவும் பேசவில்லை. டப்பாவைக் கவிழ்த்தார். ஐம்பது, அறுபது கிளிப்புகள். இரண்டு நிமிஷத்தில் ஜோடி கண்டுபிடித்துப் பட்டையையும் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். 80 ரூபாய். "இதோட எங்க வேணா போலாம்மா" என்றார். இமயமலை என்றேன். "ஜிப்பையும் காட்டுங்க" என்று பையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

இன்னும் 16 நாள்

இன்று ராஃப்டிங் நடத்துபவர்களுக்குப் போன். பெயர்கள் வேண்டாம். என் இந்தி ரயில்வே பிளாட்பார இந்தி. மகளுடையது கார்ட்டூன் இந்தி, ஆனால் என்னுடையதை விட நல்லது. ஸ்பீக்கரில் போட்டு இருவரும் பேசினோம்.

முதலில் தூரத்தைப் பற்றி எங்களுக்குள்ளேயே ஒரு பஞ்சாயத்து. பிரம்மபுரியில் ஏறினால் ஒன்பது, பத்து கிலோமீட்டர். சிவபுரியில் ஏறினால் 16. அதற்கும் மேலே மரைன் டிரைவ் என்ற இடத்தில் ஏறினால் 25-ஐ ஒட்டி வரும். நான் பிரம்மபுரி, அவள் மரைன் டிரைவ். சிவபுரியில் கைகுலுக்கிக்கொண்டோம். அந்த 16 கிலோமீட்டரில் வருகிற சுழிப்புகளுக்கெல்லாம் பெயர் உண்டு: ரோலர் கோஸ்டர், கோல்ஃப் கோர்ஸ், கிளப் ஹவுஸ், டபுள் டிரபிள். கடப்பது எவ்வளவு கடினம் என்பதை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பார்கள். இவை நடுவில் வரும். மாமியார் ஹாலில் இருந்தபடியே கேட்டார்: "கங்கைக்கு நடுவுல எதுக்குடி கோல்ஃப்?"

முதல் ஆள் நன்றாகப் பேசினார். ஹெல்மெட் உண்டா? நோ ப்ராப்ளம் மேடம். கூடவே பாதுகாப்புக்கு ஒரு கயாக், அதாவது ஒற்றை ஆள் துடுப்புப் படகு, வருமா? நோ ப்ராப்ளம். நீச்சல் தெரியாது? நோ ப்ராப்ளம். மகள் என் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். அதையும் கேட்டேன்: "ஒன்பது வயசுப் பையனும் வருவான், பரவாயில்லையா?" நோ ப்ராப்ளம் மேடம், மடியில வெச்சுக்கலாம். நன்றி சொல்லி வைத்துவிட்டோம். அப்படி ஒரு பையனே கிடையாது.

இரண்டாவது ஆள் போனை எடுக்கவில்லை. மூன்றாவது ஆள் சிடுமூஞ்சி. எங்களைக் கேள்வி கேட்டது அவர்தான். பொண்ணு எத்தனை கிலோ? 42. மார்பளவு? லைஃப் ஜாக்கெட் பெரிதாக இருந்தால் தண்ணீரில் விழுந்ததும் காதுக்கு மேலே ஏறிவிடும், அதனால்தான் கேட்கிறேன் என்றார். ஆஸ்துமா? இதயக் கோளாறு? சமீபத்தில் ஆபரேஷன்? அன்றைக்கு ஆறு எப்படி இருக்கும் என்றேன். "அன்னிக்குக் காலையிலதான் சொல்ல முடியும். தண்ணி ஏறியிருந்தா கிடையாது. பணம் திருப்பித் தந்துடுவேன்." வெயில் ஏற ஏற மேலே பனி உருகும், மே மாதத்தில் தண்ணீர் கூடிக்கொண்டேதான் போகும் என்றும் சொன்னார். அவரிடமே பதிவு செய்தோம், வாரநாளில். சனி, ஞாயிறில் டெல்லியே ரிஷிகேஷுக்கு வந்துவிடுமாம்.

வைப்பதற்கு முன் ஒன்று கேட்டேன். அலை வரும்போது நான் பொண்ணு பக்கத்தில்தானே உட்காருவேன், அவளைப் பிடித்துக்கொள்ளலாம் இல்லையா?

அவர் குரல் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. "பச்சீ கோ நஹீ மேடம், ரஸ்ஸி கோ பகட்னா." குழந்தையை அல்ல, கயிற்றை. ஒரு கை துடுப்பின் மேல் முனையில் இருக்க வேண்டும், அதை விட்டால் பக்கத்தில் இருப்பவரின் பல் போய்விடும். இன்னொரு கை ராஃப்டைச் சுற்றி ஓடும் கயிற்றில். மூன்றாவது கை யாருக்கும் கிடையாது. நீங்கள் அவளைப் பிடித்தால் இரண்டு பேரும் விழுவீர்கள். அவள் விழுந்தால் இழுத்துப் போடுவதற்கு நான் இருக்கிறேன், நீங்கள் உள்ளே இருந்தால்தான் எனக்கு உதவி.

மகள் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் போய்க் குக்கர் வைத்தேன்.

இன்னும் 12 நாள்

நீச்சல் தெரியாவிட்டாலும் ராஃப்டில் போகலாம், ஜாக்கெட் மிதக்க வைக்கும். ஆனால் மிதப்பது என்றால் என்ன என்றே தெரியாமல் கங்கையில் விழ எனக்கு விருப்பம் இல்லை. ஒரு வாரமாக வேளச்சேரி நீச்சல் குளத்துக்குப் போகிறேன். மகள் ஏழு வயதிலேயே கற்றுக்கொண்டவள். அவள் நீளமான குளத்தில். நான் இடுப்பளவுத் தண்ணீரில், ஆறு வயதுப் பொடியன்களோடு. அதில் ஒருவன் என்னை "ஆன்ட்டி, பயப்படாதீங்க" என்று தினமும் தைரியப்படுத்துகிறான்.

கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். ராஃப்டிலிருந்து விழுந்தால் மல்லாந்து படுக்க வேண்டும். கால்கள் ஆறு போகிற பக்கம், கட்டைவிரல்கள் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். பாறை வந்தால் கால்தான் முதலில் தொட வேண்டும், தலை அல்ல. முக்கியமாக, தரை எட்டுகிறதே என்று எழுந்து நிற்கவே கூடாது. பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால் பின்னால் வரும் தண்ணீர் ஆளை அப்படியே குப்புற அழுத்திவிடும். முழங்காலளவுத் தண்ணீரில் ஆள் போவது அப்படித்தான். வீட்டில் நான் சோபாவில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது மகள் திடீரென்று "விழுந்துட்டீங்க!" என்று கத்துவாள். நான் மல்லாந்து கால் இரண்டையும் தூக்க வேண்டும். டீ இரண்டு முறை கொட்டியாகிவிட்டது.

குளத்தில் அது நடக்கவில்லை. பயிற்சியாளர் முதுகுக்குக் கீழே கை வைத்திருக்கும் வரை மிதக்கிறேன். எடுத்ததும் இடுப்பு மடங்கி அமிழ்கிறேன். "காதைத் தண்ணிக்குள்ள விடுங்க மேடம். நீங்க தலையைத் தூக்குறதாலதான் கால் இறங்குது." காதை விட மாட்டேன் என்கிறேன். இன்று ஏன் என்று கேட்டார். பதில் சொல்லவில்லை, தெரியும்.

2015 டிசம்பர். அப்போது ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றிலிருந்து மூன்று தெரு தள்ளித் தரைத்தளத்தில் இருந்தோம். ஒன்றாம் தேதி இரவு மழை நிற்கவே இல்லை. செம்பரம்பாக்கத்தில் 29,000 கன அடி திறந்தார்கள் என்பதெல்லாம் பிறகு பேப்பரில் படித்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது சத்தம் மட்டும்தான். வாசல் கேட்டைத் தண்ணீர் தள்ளுகிற சத்தம், பிறகு பிரிட்ஜ் மிதந்து சுவரில் இடிக்கிற சத்தம். மாடி வீட்டுக்காரர்களோடு மொட்டைமாடியில் ஒரு பகலும் ஓர் இரவும். மறுநாள் மீனவர்கள் தங்கள் படகை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் தெருவில் விட்டார்கள். தெருவில், படகு. முதல் மாடி சன்ஷேடில் நின்றுகொண்டு நாலு வயது மகளைக் கீழே நீட்டினேன். படகில் நின்றவர் கை நீட்டினார். இடையில் ஒரு முழம் இருந்தது. அந்த ஒரு முழத்துக்கு அவள் யார் கையிலும் இல்லை. "பாப்பாவ விடுங்கக்கா, நான் புடிச்சுக்குறேன்" என்றார். எவ்வளவு நேரம் விடாமல் இருந்தேன் என்று தெரியவில்லை. பின்னால் நின்ற கணவர் என் விரல்களைப் பிரித்ததாகச் சொல்கிறார்.

மகளுக்கு இதில் எதுவும் நினைவில்லை. படகில் ஒருவர் கிரீம் பிஸ்கட் கொடுத்தார், அது மட்டும்தான். "ஆரஞ்சு கிரீம்" என்கிறாள்.

இன்று மாலை காதை உள்ளே விட்டேன். தண்ணீருக்குள் எல்லாக் கூச்சலும் தூரத்தில் யாரோ பாத்திரம் கழுவுவது போலக் கேட்டது. பயிற்சியாளர் கையை எடுத்தது தெரியவில்லை. ஏழெட்டு நொடி இருக்கும். அந்தப் பொடியன் கைதட்டினான்.

இன்னும் 9 நாள்

வழியை இறுதி செய்தோம். சென்ட்ரலிலிருந்து டெல்லி, இரண்டு இரவு. டெல்லியிலிருந்து ஹரித்வார், ரிஷிகேஷ். மறுநாள் அதிகாலை மேலே. தேவபிரயாகை, ருத்ரபிரயாகை, உக்கிமட் வழியாக சாரி என்ற கிராமம். அங்கிருந்து பையோடு தேவரியா தால் ஏரிக்கு ஏற்றம். ஏரி 2,400 மீட்டர் உயரத்தில். பிறகுதான் சோப்தா, துங்கநாத். துங்கநாத் 3,680 மீட்டர். 2,500-க்கு மேல் போனாலே சிலருக்குத் தலைவலி, வாந்தி வரும். நாமோ கடல் மட்டத்துக்காரர்கள். அதனால்தான் ஒரே மூச்சில் மேலே ஓடாமல் நடுவில் இரண்டு இரவு. தலை வலித்தால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறுவது கிடையாது, இறங்குவதுதான் வைத்தியம். இதில் மட்டும் மகளோடு விவாதமே வைத்துக்கொள்ளவில்லை.

நடக்கும்போது யார் முன்னால்? மெதுவாக நடப்பவர் முன்னால். அதாவது நான்.

பிறகு காலண்டரை எடுத்துக்கொண்டு இருவரும் மாதக் கணக்கு பார்த்தோம். அம்மாவும் மகளும் போகிற பயணத்தில் இதையும் சேர்த்துத்தான் திட்டம். அவளுடைய தேதி சரியாக ராஃப்ட் நாளில் வந்து நின்றது. பேட் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்க முடியாது, நனைந்தால் அது ஒரு கிலோ பஞ்சு. சிடுமூஞ்சிக்காரருக்குப் போன் போட்டு இரண்டு நாள் தள்ளிக்கொண்டேன். காரணம் கேட்டார், சொன்னேன். "அச்சா அச்சா, டீக் ஹை" என்று அவசரமாகத் தேதியை மாற்றினார். மலையில் வந்தாலும் சமாளிக்கலாம். பயன்படுத்தியதைத் திரும்பக் கொண்டுவர இரட்டை ஜிப் பை வாங்கியாயிற்று. பாதையில் குப்பைத்தொட்டி கிடையாது, போட்டுவிட்டு வரவும் கூடாது.

மாமியார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மனசு வேறு இடத்தில் நின்றிருந்தது. "தேவபிரயாகை வழியாவா போறேள்?" ஆமாம் அத்தை, பஸ் அங்கே நிற்கும். "அது கண்டமென்னும் கடிநகர். 108 பெருமாள் திவ்யதேசத்துல ஒண்ணு." கண்ணை மூடிக்கொண்டார். சின்ன வயதிலிருந்து வாயால் சொல்லிக்கொண்டிருக்கும் ஊர், பஸ் நிற்கும் ஊர் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிகிறது போல. பாகீரதியும் அலகநந்தாவும் அங்கேதான் சேர்கின்றன, அதற்குக் கீழேதான் கங்கை என்று பெயர், நாங்கள் ராஃப்ட் விடுவதும் அதே தண்ணீரில்தான் என்று மகள் போனில் மேப்பைப் பெரிதாக்கிக் காட்டினாள். மாமியார் உள்ளே போய் ஒரு செம்பை எடுத்துவந்தார். கைக்குள் அடங்குகிற சின்னச் செம்பு, மூடியோடு. "இதுல கொண்டு வா."

மகள் அதைத் தராசில் வைத்தாள். 180 கிராம். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இன்னும் 6 நாள்

ஒன்றும் செய்யவில்லை. வெயில். கரண்ட் மூன்று முறை போனது. புது ஷூவை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடக்கிறோம். அதோடு மாவாட்டினேன்.

இன்னும் 2 நாள்

எடை போடும் நாள். சிறுவர்கள் உடல் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதத்துக்கு மேல் தூக்கக் கூடாது என்பது நாங்கள் வைத்துக்கொண்ட வரம்பு. 42 கிலோவுக்கு 6.3. முதல் முறை கொக்கித் தராசில் அவள் பையை மாட்டினால் 9.4. தரையில் எல்லாவற்றையும் கொட்டினோம். வெளியே போனவை: முழு ஷாம்பூ பாட்டில், இரண்டாவது பவர் பேங்க், பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் (இதை உள்ளே வைத்தது நான்), மூன்றாவது துண்டு, 'எதுக்கும் இருக்கட்டும்' என்ற பெயரில் இருந்த பல. அந்த 'எதுக்கும் இருக்கட்டும்' மட்டும் ஒன்றரைக் கிலோ இருந்தது.

மாமியாரின் புளிக்காய்ச்சலில் யாரும் கை வைக்கவில்லை. பருப்புப்பொடி, கடலை மிட்டாய், தட்டை எல்லாம் என் பைக்கு வந்தன. தட்டை மலை ஏறி முடிப்பதற்குள் தட்டைப் பொடியாகிவிடும் என்று கணவர் சொன்னார். பேசாமல் அவர் கையில் ஒரு தட்டையைக் கொடுத்தேன்.

தூங்கும் பையும் கம்பளிச் சட்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில், பையின் அடியில். மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே, ஏனென்றால் மழை வரும்போது தேட நேரம் இருக்காது. கனமானவை முதுகை ஒட்டி நடுவில். ஆற்றுத் துணி தனியாக ஒரு சுருக்குப் பையில், ரிஷிகேஷ் அறையிலேயே விட்டுவிட்டு மேலே போவோம். திரும்பி வரும்போது காத்துக்கொண்டிருக்கும்.

கடைசியில் அவள் பை 6.2. நோட்டில் ஒவ்வொரு சாமானாக எழுதிக் கூட்டியதில் என்னுடையது 10.4 வர வேண்டும். நான் கை கழுவிவிட்டு வந்து தூக்கி மாட்டினால் 10.9. அரைக் கிலோ எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "கொக்கித் தராசு அப்படித்தான்மா காட்டும்" என்றாள். அவளுடைய பைக்குச் சரியாகத்தானே காட்டியது என்று நான் கேட்கும்போது அவள் பாட்டிக்குத் தண்ணீர் கொடுக்கப் போய்விட்டாள்.

புறப்பட்ட இரவு

சென்ட்ரல். இரவு பத்து மணி வண்டிக்கு எட்டரைக்கே வந்தாகிவிட்டது, எங்கள் குடும்ப வழக்கம். மெட்ரோவில் பையோடு ஏறியபோது ஒருவர் "எந்தக் காலேஜ்மா?" என்று மகளிடம் கேட்டார். அந்தப் பெருமையிலிருந்து இன்னும் இறங்கி வரவில்லை அவள். கணவர் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு மூன்றாவது முறையாக ஓஆர்எஸ் இருக்கிறதா என்று கேட்டார். வண்டி நகர்ந்தபோது எங்களோடு கொஞ்சம் நடந்தார். பிறகு ஒரு தண்ணீர்க் குழாய் குறுக்கே வந்தது.

கூடூர் தாண்டிவிட்டது. ஏசி குளிர்கிறது. போர்த்திக்கொள்ள என் பையில் இருந்த சால்வையைத் தேடினேன். புளிக்காய்ச்சல், செம்பு, கம்பளி. அடியில், தூங்கும் பைக்கும் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள் கச்சிதமாக மடித்து ஒன்று இருந்தது. கனமாக. தொட்டதுமே தெரிந்துவிட்டது.

520 கிராம்.

நடுப் பெர்த்திலிருந்து ஒரு தலை மட்டும் கீழே தொங்கியது. "ரிஷிகேஷ்ல போட்டோ எடுக்கும்போது மட்டும் போட்டுக்கறேன்மா. நனைக்கவே மாட்டேன்."